முதலில் அடியைப் பாருங்கள்: நோர்வேயின் மரத் தேவாலயங்கள்

நோர்வேக்குச் சுற்றுலா வரும் நம்மவர்கள் போர்குண்ட் தேவாலயத்தின் முன்னால் எடுக்கும் படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கூரைக்கு மேல் கூரையாக அடுக்கிப் போகும் கறுப்பு மரச்சில்லுகள், முகட்டு நுனியில் வாய் பிளந்த டிராகன் தலைகள், பின்னால் மலை. கட்டடத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் படத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஆனால் 1180-81 குளிர்காலத்தில் வெட்டிய மரங்களைக் கொண்டு எழுப்பிய ஒரு கட்டடம் இன்னும் நேராக நிற்பதற்கான காரணத்தில் பாதி அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது.

நான் பேர்கனில் பழைய மரவீடுகளைப் பழுதுபார்க்கும் தச்சர் குழு ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எங்கள் தலைமைத் தச்சர், புதிதாகச் சேருபவர்கள் யாராக இருந்தாலும் முதல் கோடையிலேயே போர்குண்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். என்னிடம் அவர் சொன்னது: "டிராகனை அப்புறம் பார்க்கலாம். முதலில் குனிந்து பார். மரம் எங்கே கல்லைத் தொடுகிறது, எங்கே மண்ணைத் தொடாமல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வா." போனேன், பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த மரக்கட்டடத்தின் முன்னால் நின்றாலும் என் கண் முதலில் கீழேதான் போகிறது.

வேலிக்கு மரக்கால் நட்டவர்களுக்கு இது தெரியும்: கால் முதலில் இற்றுப்போவது மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த இடத்தில்தான். நோர்வேயில் கிறிஸ்தவம் வந்த புதிதில், 11-ஆம் நூற்றாண்டில், தேவாலயங்களைத் தூண்களை நேராக மண்ணில் நட்டுத்தான் கட்டினார்கள். அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. பின்னால் வந்த தேவாலயங்களின் தரைக்கடியில் தோண்டிய தொல்லியலாளர்களுக்கு அந்தத் தூண்குழிகளின் தடம் மட்டும் கிடைத்தது. 12-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் தூணை மண்ணிலிருந்து மேலே தூக்கினார்கள். முதலில் கற்களை வரிசையாக வைத்து, அதன்மேல் தடித்த அடிச்சட்டங்களைப் படுக்க வைத்து, மூலைகளில் ஒன்றோடொன்று கோத்தார்கள். அந்தச் சட்டத்தின் மேல்தான் தூண்கள் நிற்கின்றன. சட்டத்தின் முதுகில் நீளமாகக் காடி, அதாவது பள்ளம், வெட்டி, சுவர்ப் பலகைகளைச் செங்குத்தாக அதில் இறக்கினார்கள். பலகைக்குப் பலகை நாக்கும் காடியும். மேலேயும் அதே மாதிரி ஒரு சட்டம். நான்கு பக்கமும் சட்டம் போட்ட ஒரு சுவர், கீழே கல், மண்ணுக்கும் மரத்துக்கும் இடையில் காற்று.

மரத்தின் வெட்டுமுகம்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும், பக்கவாட்டு முகம் அவ்வளவு குடிக்காது. தூணின் வெட்டுமுகத்தை ஈர மண்ணிலிருந்து எடுத்து, உலர்ந்த சட்டத்தின் மேல் வைத்தது அந்தத் தச்சர்களின் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். செதுக்கு வேலை அழகுதான், மறுக்கவில்லை. ஊர்னெஸ் தேவாலயத்தின் வடக்குச் சுவரில், ஒல்லியான விலங்குகளும் பாம்புகளும் ஒன்றையொன்று கவ்விப் பின்னிக்கொண்டிருக்கும் அந்த வாசலின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். 1070 வாக்கில் வேறொரு தேவாலயத்துக்காகச் செதுக்கியது அது. 1130-களில் இப்போதைய தேவாலயத்தைக் கட்டியவர்கள் பழைய வாசலை வீணாக்க மனமில்லாமல் புதிய சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். அந்தச் செதுக்கு வேலைக்கு இத்தனை காலம் ஆயுள் கொடுத்தது கீழே கிடக்கும் அடிச்சட்டம்.

இரண்டாவது காரணம் மரம். எல்லாமே பைன். ஆனால் கடையில் இன்று கிடைக்கும் பைன் வேறு, அது வேறு. குளிரில் மெதுவாக, நூறு இருநூறு வருடம் வளர்ந்த மரங்கள் அவை. வருட வளையங்கள் நெருக்கமாக இருக்கும். நடுவில் வைரம் பாய்ந்த பகுதியில் பிசின் நிறைந்திருக்கும், பூஞ்சை எளிதில் ஏறாது. வெளியே இருக்கும் வெளிறு வேறு கதை, ஈரம் பட்டால் சில வருடங்களிலேயே மெத்துப்போய்விடும். பழைய தச்சர்கள் வெளிறை முடிந்தவரை செதுக்கித் தள்ளினார்கள். எங்கள் வேலையிலும் இதே விதிதான். ஒரு பலகை இற்றுப்போனால் புதியதை வாங்கும்போது விலையைப் பார்க்கும் முன் பலகையின் முனையைத் திருப்பி வளையங்களைப் பார்ப்போம். வளையம் அகலமாக, வெளிறு அதிகமாக இருந்தால் அந்தப் பலகை வெளிச்சுவருக்கு ஆகாது.

மூன்றாவது தார். ரோட்டுக்குப் போடும் கறுப்புத் தார் இல்லை இது. பைன் மரத்திலிருந்தே எடுக்கும் தார். மரத்தைக் காப்பாற்ற மரத்தின் சாற்றையே அதற்குப் பூசுகிறார்கள்.

ஒரு கோடையில் மேற்கு நோர்வேயின் சோக்ன பகுதியில் பழைய முறையில் தார் எரிக்கும் வேலைக்கு உதவிக்குப் போயிருந்தேன். இன்றும் நினைத்தால் மூக்கில் அந்த வாசம் வருகிறது. முதலில் காட்டிலிருந்து பழைய பைன் அடிக்கட்டைகளையும் வேர்களையும் தோண்டி எடுக்க வேண்டும். மரம் வெட்டிப் பல வருடங்கள் ஆன கட்டையாக இருந்தால் நல்லது. வெளிறு மண்ணிலேயே மக்கிப் போயிருக்கும், பிசின் செறிந்த வைரம் மட்டும் சிவப்பாக, கையில் ஒட்டுகிற மாதிரி மிஞ்சியிருக்கும். அதை உலர்த்தி, விரல் தடிமனுக்குப் பிளக்க வேண்டும். பிளப்பதுதான் பெரிய வேலை. நாள் முழுக்கக் கோடரியோடு குந்தியிருந்து பிளந்தாலும் குவியல் வளர்ந்த மாதிரியே தெரியாது.

சரிவான நிலத்தில் புனல் மாதிரிக் குழி எடுத்து, உள்ளே பிர்ச் மரப்பட்டையைச் சீராகப் பரப்பி, அதன்மேல் பிளந்த குச்சிகளை நடுவை நோக்கிச் சரியும்படி அடுக்குவார்கள். மேலே புல்மண்ணைப் போட்டு மூடி, ஓரத்தில் தீ வைப்பார்கள். அது எரியக்கூடாது, கனிய வேண்டும். எங்காவது சுவாலை எட்டிப்பார்த்தால் உடனே மண்ணைப் போட்டு அடைக்க வேண்டும். இரவிலும் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தோம். அடியில் வைத்த குழாயில் முதலில் பழுப்பு நிறத் தண்ணீர் வரும். அப்புறம் மெல்ல, தேன் நிறத்தில், தார். இவ்வளவு மரத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றும்.

அந்தத் தார் கையில் கிடைத்த பிறகும் எப்படிப் பூசுவது என்பதில் விஷயம் இருக்கிறது. சூடாக்கிப் பூச வேண்டும். சுவரும் உலர்ந்து வெயிலில் சூடேறியிருக்க வேண்டும். அப்போதுதான் மரத்துக்குள் இறங்கும். குளிர்ந்த சுவரில் குளிர்ந்த தாரைத் தேய்த்தால் மேலே ஓர் ஏடாக நின்று, அடுத்த கோடை வெயிலில் இளகி வழிந்துவிடும். தெற்குச் சுவருக்குத்தான் அடிக்கடி தார் தேவைப்படுகிறது, ஏனென்றால் வெயில் முழுவதும் அங்கேதான் விழுகிறது. வடக்குச் சுவரில் அதே தார் பல வருடம் அசையாமல் இருக்கும். ஆகவே எல்லாச் சுவருக்கும் ஒரே தேதியில் பூசுவது வீண் வேலை. சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதிகமாகப் பூசுவதும் ஆபத்து. பழைய தார் தட்டுத் தட்டாகச் சேர்ந்து, வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே நின்றுவிடும்.

சரி, இவ்வளவு நல்ல கட்டடங்கள் என்றால் ஏன் நோர்வேயில் 28 மட்டும் மிஞ்சியிருக்கின்றன? இடைக்காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 1349-இல் கொள்ளைநோய் வந்து ஊர்கள் காலியாகின. வழிபட ஆளில்லாத தேவாலயத்துக்கு அவ்வப்போது தார் பூச யார் வருவார்கள்? ஆனால் பெரிய அடி விழுந்தது 19-ஆம் நூற்றாண்டில். மக்கள்தொகை பெருகியதும், ஒரு தேவாலயத்தில் அந்த வட்டார மக்களில் பத்தில் மூன்று பங்கு பேருக்காவது இடம் இருக்க வேண்டும் என்று 1851-இல் ஒரு சட்டம் வந்தது. பழையவை சிறியவை, இருண்டவை. பெரிய புதிய தேவாலயம் கட்டினார்கள், பழையதை இடித்து மரத்தை விற்றார்கள். மரம் அழுகியதால் போனவற்றைவிட, வேண்டாம் என்று மனிதர்கள் முடிவெடுத்ததால் போனவைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

வாங் என்ற ஊரின் தேவாலயத்துக்கு அந்தச் சட்டத்துக்கு முன்பே இடிபடும் நிலை வந்தது. யோஹான் கிறிஸ்டியான் டால் என்ற ஓவியர் 1841-இல் அதை ஏலத்தில் வாங்கினார். நோர்வேக்குள்ளேயே வைத்துக் காப்பாற்ற அவருக்கு இடம் அமையவில்லை. கடைசியில் பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ஏற்றுக்கொள்ள, பிரித்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1844-இல் சைலீசிய மலைப்பகுதியில் மறுபடி திறந்தார்கள். அதே 1844-இல்தான், டால் போன்றவர்களின் முயற்சியில், நோர்வேயின் தொன்மைச் சின்னப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. போர்குண்டில் 1868-இல் பக்கத்திலேயே புதிய தேவாலயம் எழும்பிவிட்டது. அதற்குப் பிறகும் பழையது பிழைத்தது அந்தச் சங்கம் 1877-இல் அதை வாங்கியதால். ஊர்னெஸை 1881-இல் எடுத்துக்கொண்டார்கள். 1979-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஓர் ஓவியரும் ஒரு சங்கமும் முன்வந்து வாங்கியிராவிட்டால் இன்று படம் எடுக்கவே இவற்றில் சில இருந்திருக்காது.

தீயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சூடாக்கிய தாரை நூற்றாண்டுகளாகக் குடித்த உலர்ந்த பைன் மரம் எப்படி எரியும் என்று யோசித்துப் பாருங்கள். பேர்கனில் இருப்பவர்களுக்கு ஃபன்டொஃப்ட் தேவாலயத்தைத் தெரியும். சோக்ன பகுதியின் ஃபோர்துன் ஊரில் நின்றதை 1883-இல் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். 1992 ஜூன் 6 அதிகாலையில் யாரோ வைத்த தீயில் அது சாம்பலானது. இன்று அங்கே நிற்பது 1997-இல் கட்டி முடித்த புதியது. அதைப் "போலி" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதைத் திரும்பக் கட்டும்போது தச்சர்கள் பழைய இணைப்புகளைத் தங்கள் கையால் மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த அறிவு எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

2014 ஜனவரியில் போர்குண்ட் இருக்கும் லார்டால் பள்ளத்தாக்கின் வாயில், கடலோர ஊரில், ஒரு வீட்டில் பிடித்த தீ காற்றோடு பரவி சுமார் 40 கட்டடங்களைத் தின்றது. நோர்வேயிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று அது. அந்த இரவு செய்தியைப் பார்த்தபோது எங்கள் குழுவில் எல்லாருக்கும் மனதில் ஓடியது பள்ளத்தாக்கின் மேல்பக்கம் நிற்கும் அந்தக் கறுப்புக் கூரைதான். இப்போது இந்தத் தேவாலயங்களில் புகையை உணரும் கருவிகளும் தண்ணீர் தெளிக்கும் அமைப்புகளும் பொருத்தியிருக்கிறார்கள். பார்க்கப் போகும்போது வளாகத்தில் சிகரெட்டை எடுக்காதீர்கள். எங்கள் குழுவிலும் ஒரு விதி உண்டு: பெயின்ட் உரிக்கச் சூட்டுத் துப்பாக்கியைப் பழைய மரச்சுவரில் பயன்படுத்துவதில்லை. சுவருக்குள் இருக்கும் தூசியில் ஒரு பொறி விழுந்தால் மணிக்கணக்கில் வெளியே தெரியாமல் புகைந்துகொண்டே இருக்கும்.

2001 முதல் 2015 வரை அரசின் தொன்மைப் பாதுகாப்புத் துறை இந்த 28 தேவாலயங்களுக்காகவே ஒரு திட்டம் நடத்தியது. அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் வேலை செய்த விதம். முழுச் சட்டம் இற்றுப்போகவில்லை என்றால் முழுச் சட்டத்தை மாற்றவில்லை. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே இன மரத்தில், பழையது போலவே கோடரியால் செதுக்கிய துண்டைக் கோத்தார்கள். எதை எடுத்தோம், எதை வைத்தோம் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் வரும் தச்சருக்கு அந்தக் குறிப்பு உளியைவிடப் பயன்படும்.

நோர்வேயில் பழைய மரவீடு வாங்கும் தமிழர்கள் பலர் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் இந்தத் தேவாலயங்களிலிருந்து எடுத்ததுதான். வீட்டைப் பார்க்கப் போகும்போது சமையலறையைப் பார்க்கும் முன் வெளியே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுவர்ப் பலகையின் கீழ் நுனிக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும். வருடா வருடம் பூச்செடிக்குக் கொட்டிய மண் மெல்ல மெல்ல உயர்ந்து பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அங்கே அடிச்சட்டத்தில் ஒரு திருப்புளியை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். மண்ணை மண்வெட்டியால் எடுத்துவிட ஒரு பிற்பகல் போதும். அடிச்சட்டத்தை மாற்ற வீட்டை ஜாக்கியில் தூக்க வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும்.

அப்புறம், அடித்தளக் கல் சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். கல்லுக்கும் மரத்துக்கும் இடையிலான இடுக்கை சிமென்ட் வைத்துப் பூசாதீர்கள், ஈரம் அங்கேயே தங்கிவிடும். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்று, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தெறிக்கிறது என்று பார்ப்பது நல்லது. பேர்கனில் அதற்கு மழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. போர்குண்டைச் சுற்றித் தாழ்ந்த கூரையோடு ஒரு நடை ஓடுகிறதே, அது ஊர்வலத்துக்கும் நிழலுக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் முதன்மைச் சுவரில் மழை படாமல் தடுப்பதும் அதுதான். வீட்டுக்கு ஒரு நல்ல இறவாணமும் ஒழுங்காகத் துப்புரவு செய்த மழைநீர்த் தகரமும் அதே வேலையைச் செய்யும். பழுதுபார்க்கும் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து, தேதியோடு ஓர் இடத்தில் சேர்த்து வையுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இனிச் சொல்கிறேன். பேர்கனிலிருந்து போர்குண்டுக்கு வழியில் 24.5 கிலோமீட்டர் நீளமான லார்டால் சுரங்கப்பாதை வரும், உலகின் மிக நீளமான வாகனச் சுரங்கம் அதுதான். கார் ஓட்டுபவர் அதற்கு முன் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும். போர்குண்டில் உள்ளே போனதும் வாசலில் நின்றுவிடாமல் இருட்டுக்குக் கண் பழகும் வரை பேசாமல் இருங்கள். மேலே சிறிய வட்டத் துளைகள் வழியே வரும் வெளிச்சம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் தூண்களுக்கு இடையில் பெருக்கல் குறி போலப் போட்ட கட்டைகளும், முழங்கால் போல வளைந்த மரங்களும் தெரியத் தொடங்கும். காற்றில் கட்டடம் முறியாமல் அசைந்து கொடுப்பது அவற்றால்தான். வெளியே வந்ததும் தனியாக நிற்கும் மணிக்கூண்டைத் தவறவிடாதீர்கள், அதுவும் இடைக்காலத்ததுதான். நேரம் இருந்தால் பக்கத்தில் விந்தெல்லா என்ற பழைய அரச பாதையில் நடந்து பாருங்கள். கல் அடுக்கிய அந்த வளைவுகளும் ஒரு கைவேலைதான்.

ஊர்னெஸுக்கு சோல்வோர்ன் துறையிலிருந்து சிறிய படகில் ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கு இடையில் நீளும் கடற்கழியை, கடந்து, மேட்டில் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப்போனால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஃப்ளோம் பக்கத்தில் உன்ட்ரெடால் நல்லது. நாற்பது பேர் அமரும் அளவுக்குத்தான் இடம். பிள்ளைகளுக்கும் கூரை எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும், சலிப்பு வராது. இவற்றில் பல கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் ஒஸ்லோவுக்கு வருபவர்கள் பிக்டொய் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் கோல் தேவாலயத்தைப் பார்க்கலாம். அதுவும் 1880-களில் இடிபடவிருந்த நேரத்தில் பிரித்துக் கொண்டுவந்ததுதான். பேர்கனில் இருப்பவர்கள் ஃபன்டொஃப்டுக்கு டிராமிலேயே போய், கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

ஜெர்மனியில் இருக்கும் உறவினர்கள் "நோர்வே தூரம், செலவு" என்று சொன்னால் நான் வாங் தேவாலயத்தைச் சொல்லிவிடுவேன். அது இருக்கும் சைலீசிய மலை இப்போது போலந்தில் இருக்கிறது. கார்பாச் என்ற ஊர், எல்லைக்கு அருகில், ட்ரெஸ்டனிலிருந்து காரில் காலையில் புறப்பட்டால் அன்றைக்கே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை போனால் ஆராதனை நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.